நிதி வெட்டு வந்தால்: சங்ககிரிக் கோட்டைக்கு எது, ஏற்காட்டுப் பூங்காவுக்கு எது?

தொல்லியல் சின்னங்களுக்கும் பூங்காக்களுக்கும் ஒதுக்கும் பணத்தை அரசு குறைக்கும்போது சம்பளத்தில் கை வைக்க முடியாது. நிரந்தரப் பணியாளரின் ஊதியமும் மின்கட்டணமும் கட்டாயச் செலவு. வெட்டு விழுவது ‘பராமரிப்பு’ என்ற சின்னத் தலைப்பில்தான். 100 ரூபாய் ஒதுக்கீட்டில் 80 ரூபாய் சம்பளத்துக்குப் போகிறது என்று வையுங்கள். மொத்தத்தில் 10 ரூபாயைக் குறைத்தால் அறிவிப்பில் அது ‘பத்து சதவீதச் சிக்கனம்’. கோட்டைச் சுவருக்கும் புல்தரைக்கும் வந்து சேர்வதோ பாதிப் பணம். வெட்டை எதிர்கொள்ள என்ன வழி என்று பேசத் தொடங்கும் முன் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நாம் காப்பாற்ற வேண்டியது அந்த 20 ரூபாயைத்தான்.

அடுத்து, யாரிடம் பேசுவது? சேலத்துக்கு ஒரே பட்ஜெட் கிடையாது. சங்ககிரிக் கோட்டையும் ஆத்தூர்க் கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் கையில். ஏற்காடு அண்ணா பூங்கா மாநிலத் தோட்டக்கலைத் துறையுடையது. அதையொட்டிய ஏரியில் படகு விடுவது சுற்றுலா வளர்ச்சிக் கழகம். மலையிலுள்ள தாவரவியல் தோட்டம் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்குச் சொந்தம், அதாவது மத்திய அரசு. மலையடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா வனத்துறைக்கு. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் அறநிலையத் துறைக்கு. நகருக்குள் இருக்கும் சிறு பூங்காக்கள் மாநகராட்சிக்கு. ஒரு துறைக்குப் பொருந்தும் வழி இன்னொன்றுக்குச் சட்டப்படியே பொருந்தாது. ‘தனியாரிடம் விட்டுவிடலாம்’, ‘கட்டணத்தை ஏற்றலாம்’ என்று பொதுவாகப் பேசுவது பாதி நேரம் வீணாவது இதனால்தான்.

பராமரிப்பு நின்றால் முதலில் போவது எது

கோட்டையில் முதலில் போவது தண்ணீர் வழி. மேல்தளத்து மழைநீர்த் தூம்பு ஒன்று இலைதழையால் அடைத்துக்கொண்டால், வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் நீர் சுவரின் நடுவே இறங்கும். பழைய மதில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கல் முகம் வைத்து, நடுவில் மண்ணும் சிறு கல்லும் போட்டு நிரப்பியது. உள்ளே ஈரம் ஏறியதும் நிரப்பு ஊதும், வெளிமுகக் கல் வயிறு தள்ளும், இரண்டு மூன்று மழைக்குப் பிறகு ஒரு பகுதி சரியும். தூம்பைத் துப்புரவு செய்ய ஆண்டுக்கு இரண்டு முறை இரண்டு ஆட்கள் போதும். சரிந்த மதிலை எடுத்துக் கட்டக் கல்லுக்கு எண் போட வேண்டும், படம் வரைய வேண்டும், சாரம் கட்ட வேண்டும், சுண்ணாம்பு தாளிக்க (நீர் விட்டு நீற்ற) வேண்டும். செலவு லட்சங்களில் வந்து நிற்கும்.

இரண்டாவது, செடி. கல் இடுக்கில் பறவை எச்சத்தில் விழுந்து முளைக்கும் அரசும் ஆலும் விரல் தடிமனில் இருக்கும்போது, மழை பெய்து இடுக்கு இளகிய மறுநாள் கையால் வேரோடு வந்துவிடும். மணிக்கட்டுத் தடிமனைத் தாண்டியதைப் பிடித்து இழுக்கவே கூடாது. வேரோடு கல்லும் வரும். அதைப் படிப்படியாக வெட்டி, வெட்டிய முகத்தில் உடனே களைக்கொல்லி பூசி, வேர் செத்த பிறகு கல்லை எண்ணிட்டுப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். முதலாவதற்கு ஒருவருக்குக் காலைப் பொழுது போதும். இரண்டாவது ஒரு மாத வேலை. இடைவெளி நான்கைந்து ஆண்டுகள்தான், ஒரு வெட்டு தொடர்ந்தால் போகும் காலம் அதுவே.

மூன்றாவது, காவல். இரவுக் காவலர் போன மறு வாரத்திலிருந்து குழாய்த் தலை, மோட்டார், செம்புக் கம்பி, இரும்புக் கைப்பிடி ஒவ்வொன்றாகக் கழன்று போகும். பகலில் காவலர் இல்லாத இடத்தில் சுவரில் பெயர் கீறுவது, புதையல் தேடித் தோண்டுவது எல்லாம் நடக்கும்.

பூங்காவில் சேதம் மெதுவாகத் தெரியாது, ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். மே மாதக் கோடை விழாவுக்குப் பூக்க வேண்டிய டேலியாவையும் சால்வியாவையும் குளிர் காலத்திலேயே நாற்று விட்டாக வேண்டும். ஜனவரியில் தொட்டி மண்ணுக்கும் உரத்துக்கும் பணம் வராவிட்டால், ஏப்ரலில் பணம் வந்து பயனில்லை. வெளியிலிருந்து பூத்த தொட்டிகளை வாங்கி அடுக்க வேண்டியதுதான், அதற்கு இரட்டைச் செலவு. ஆர்க்கிட் சேகரிப்பு இன்னும் மோசம். தாவரவியல் தோட்டத்தின் ஆர்க்கிட் கூடம் 1960-களிலிருந்து சேர்த்து வளர்த்தது. நீர் தெளிப்பதும் நிழல்வலை பார்ப்பதும் தெரிந்த ஆட்கள் ஒரு கோடை இல்லாமல் போனால், இழந்த இனத்தை அடுத்த பட்ஜெட்டில் வாங்க முடியாது.

மூடி வைப்பது

‘தற்காலிகமாக மூடலாம்’ என்பது எப்போதும் முதலில் வரும் யோசனை. காகிதத்தில் மலிவாகத் தெரியும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2011-ல், இரண்டாண்டுகளில் 2.2 கோடி டாலர் வெட்டு என்று சொல்லி, 278 மாநிலப் பூங்காக்களில் 70-ஐ மூடப் பட்டியல் போட்டார்கள். அவற்றில் பல வரலாற்றுச் சின்னங்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் அங்கே மூடப்பட்ட மிட்செல் குகைகளில் ஆளில்லாத நேரம் பார்த்து மின்கம்பிகளைப் பிடுங்கிச் சென்றார்கள். மறுபடி திறக்க 2017 ஆயிற்று.

நம்மிடம் மூடுவதன் விலை இன்னும் கூடுதல். சங்ககிரி மலைக்கோட்டையில் கோயில்கள் இருக்கின்றன. தீரன் சின்னமலை 1805-ல் தூக்கிலிடப்பட்ட இடம் என்பதால் ஆடி 18 அன்று அங்கே கூட்டம் திரளும். பூட்டு போட்டாலும் ஆட்கள் ஏறுவார்கள். ஏறுபவர்களைப் பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள். ஆத்தூர்க் கோட்டை வசிஷ்ட நதிக் கரையில் ஊரோடு ஊராக நிற்கிறது, அங்கே ‘மூடுவது’ என்றால் ஆக்கிரமிப்புக்கு வழி விடுவது என்று பொருள். மூடத்தான் வேண்டுமென்றால் முழு இடத்தையும் மூடாமல் நாட்களைக் குறைக்கலாம்: வாரத்தில் இரண்டு நாள் மூடி, அந்த நாட்களில் ஆட்களைக் களை எடுப்பதற்கும் தூம்பு துப்புரவுக்கும் திருப்பலாம். காவலர் மட்டும் ஏழு நாளும் இருக்க வேண்டும்.

கட்டணத்தை ஏற்றுவது

இதில்தான் அதிகக் குழப்பம், அதிக வாய்ப்பும்.

ஒரு பூங்காவுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் பேர் வருகிறார்கள், தலைக்கு 40 ரூபாய் என்று கணக்குக்காக வைப்போம். வரவு 1.20 கோடி. கட்டணத்தை 60 ஆக்கினால் 15 சதவீதம் பேர் குறைவார்கள் என்றே எடுத்துக்கொண்டாலும் 2.55 லட்சம் பேர், 1.53 கோடி. கூடுதல் 33 லட்சம். பராமரிப்புக்கு இது நல்ல தொகைதான்.

ஆனால் அந்த 33 லட்சம் எங்கே போகிறது? அரசமைப்புச் சட்டத்தின் 266-வது பிரிவின்படி, அரசுத் துறை வசூலிக்கும் வருவாய் அரசின் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். டிக்கெட் கிழித்த பூங்காவுக்கு அது தானாகத் திரும்பி வராது. மறு ஆண்டு நிதித்துறை ‘உங்களுக்குத்தான் வருவாய் கூடியிருக்கிறதே’ என்று ஒதுக்கீட்டை அதே அளவுக்குக் குறைத்தால், மக்கள் கூடுதல் பணம் கொடுத்தும் பூங்காவுக்கு ஒரு பைசாவும் சேரவில்லை. எனவே கட்டண உயர்வை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் ஒரே கேள்வியைப் பொறுத்தது: வசூல் அந்த இடத்திலேயே தங்குமா?

தங்கச் செய்ய வழி இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் சேர்த்த 38-எக்ஸ் பிரிவின்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை உண்டு. நுழைவுக் கட்டணம் அதன் கணக்கில் சேர்ந்து அந்தக் காப்பகத்துக்கே செலவாகிறது. பூங்காவுக்கும் அதேபோல், 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு மேலாண்மைச் சங்கம் பதிவு செய்து, அரசாணை மூலம் கட்டணத்தின் ஒரு பங்கை அதன் கணக்கில் வைக்கலாம். அரசாணையில் மூன்று வாசகங்கள் இல்லாவிட்டால் அது பயன் தராது. தங்கும் பங்கு எத்தனை சதவீதம் என்பது எண்ணாக இருக்க வேண்டும். அந்தப் பணத்தைச் சம்பள நிலுவைக்கோ புதிய கட்டடத்துக்கோ எடுக்கக் கூடாது என்று இருக்க வேண்டும். வரவு செலவை ஆண்டுதோறும் நுழைவாயில் பலகையில் ஒட்ட வேண்டும்.

கடைசி வாசகத்தைச் சிலர் அலங்காரம் என்று நினைப்பார்கள். கலிபோர்னியாவில் ஊர் ஊராக நன்கொடை திரட்டிப் பூங்காக்களை மூடாமல் காப்பாற்றினார்கள். 2012 ஜூலையில், அந்தப் பூங்காத் துறையின் கணக்குகளில் 5.4 கோடி டாலர் கணக்கில் காட்டப்படாமல் கிடந்தது தெரியவந்தது. வெட்டிய தொகையைவிட இரண்டு மடங்குக்கு மேல். துறைத் தலைவர் பதவி விலகினார், பணம் கொடுத்தவர்கள் கொதித்துப் போனார்கள். நம்பிக்கை ஒருமுறை போனால் அடுத்த வசூல் நடக்காது.

கோட்டைக்கு இந்த வழி உதவாது என்பதையும் கணக்கே சொல்லும். மத்தியத் தொல்லியல் துறையின் இரண்டாம் நிலைச் சின்னங்களில் இந்தியருக்கு 25 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். ஆண்டுக்கு 20,000 பேர் டிக்கெட் வாங்கினால் 5 லட்சம். கவுன்ட்டருக்கு இரண்டு ஆட்கள், மாதம் 12,000 என்று வைத்தாலே 2.88 லட்சம் போய்விடும். மிச்சம் இரண்டு லட்சம் சொச்சத்தில் ஒரு மலைக்கோட்டையைப் பார்த்துக்கொள்ள முடியாது. மலை மேல் சாமி கும்பிடப் போகிறவரிடம் டிக்கெட் கேட்பதால் வரும் தகராறு வேறு.

ஏற்காட்டில் ஆளுக்குக் கட்டணம் ஏற்றுவதைவிட வண்டிக்கு வாங்குவது மேல் என்பது எங்கள் கருத்து. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் கார்தான் மே மாதத்தில் இடத்தையும் சாலையையும் அடைக்கிறது. பேருந்தில் வரும் குடும்பம் அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் பொது நிதி வெட்டப்பட்டபோது 2011-ல் இப்படித்தான் வண்டிக்குச் சீட்டு கொண்டுவந்தது: நாளுக்கு 10 டாலர், ஆண்டுக்கு 30. முதல் ஆண்டில் எதிர்பார்த்த பணம் வரவில்லை. ஆகவே இந்த வருவாயை நம்பி அதே ஆண்டில் அரசு ஒதுக்கீட்டைக் குறைக்க விடக் கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டு வசூலைப் பார்க்க வேண்டும். மலைவாழ் மக்களுக்கும் எஸ்டேட் தொழிலாளர்களுக்கும் உள்ளூர்ப் பதிவு வண்டிகளுக்கும் விலக்கு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

குத்தகைக்கு விடுவது

முழுப் பூங்காவை ஏலத்தில் விடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. காரணம் குத்தகையின் கால அளவிலேயே இருக்கிறது. ஓர் ஆண்டுக் குத்தகை எடுத்தவர் ஏப்ரல் முதல் ஜூன் வரை போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். மரக்கன்று நடுவதில் அவருக்கு என்ன பலன்? பூப்பாத்தி இருந்த இடத்தில் ராட்டினமும் சோளக் கடையும் வரும். பத்து ஆண்டுக்குக் கொடுத்தால் நடுவார். ஆனால் மூன்றாம் ஆண்டில் பராமரிக்காமல் விட்டால் வெளியேற்ற நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

சுற்றுப்பணிகளுக்குக் குத்தகை சரி: வாகன நிறுத்தம், சிற்றுண்டிக் கடை, கழிப்பறை. அங்கும் மூன்று விஷயம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். குத்தகைக்காரர் தொடக்கூடிய பரப்பைச் சர்வே எண்ணோடும் படத்தோடும் எல்லை போட வேண்டும். மாதந்தோறும் ஒரே இடங்களிலிருந்து எடுத்த படங்களுடன் சோதனைப் பட்டியல் வேண்டும். அபராதத்தை வைப்புத் தொகையிலேயே பிடிக்கலாம் என்ற வாசகம் வேண்டும். தனியாக வசூலிக்கலாம் என்று எழுதினால் வசூலாகவே ஆகாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதி

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்பனையோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், கடந்த மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சின்னங்களைப் புதுப்பிப்பதும் உண்டு. உருக்காலைகளும் பெரிய நூற்பாலைகளும் உள்ள மாவட்டத்தில் இது கேட்டுப் பெறக்கூடிய பணம். எல்லாச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கும் பொருந்தாது, லாப வரம்பைப் பார்த்துவிட்டு அணுக வேண்டும்.

இந்தப் பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. ‘தொடர் திட்டம்’ என்று அறிவித்தாலும், தொடங்கிய ஆண்டைத் தவிர மூன்று ஆண்டுக்கு மேல் நீளாது. காவலரின் சம்பளத்தை இதில் வைத்தால் ஐந்தாம் ஆண்டு அவர் வீட்டுக்குப் போவார். ஒருமுறை செய்து முடிக்கும் வேலைக்குத்தான் இது: படிக்கட்டு, கைப்பிடி, தகவல் பலகை, நீர்த்தொட்டி, நிழற்கூடம். வாங்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வருமான வரித் துறையில் அறக்கட்டளைக்கான வரிவிலக்குப் பதிவும் (12ஏ) நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவும் (80ஜி) கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் நிறுவனத்தின் வாசலுக்குப் போவது வீண்.

மத்தியச் சின்னங்களுக்கு இரண்டு வழிகள். 2023 செப்டம்பரில் வந்த ‘பாரம்பரியத்தைத் தத்தெடுத்தல் 2.0’ திட்டத்தில் நிறுவனம் கழிப்பறை, குடிநீர், சாய்தளம், விளக்கு, தகவல் மையம் போன்ற வசதிகளைச் செய்யலாம்; மதிலின் பழுதுபார்ப்பு துறையிடமே இருக்கும். மதிலுக்கே பணம் போக வேண்டுமென்றால், 1996-ல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதியம். அதில் கொடுப்பவர் இந்தச் சின்னத்துக்கு, இந்த வேலைக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம். தொல்லியல் துறையும் சேர்ந்து ஒப்பந்தம் போடும். சங்ககிரிக்கு இரண்டாவதுதான் தேவை. சரியும் மதிலுக்குக் கீழே புதுக் கழிப்பறை இருந்து என்ன செய்வது?

எந்தப் பணமானாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அது எந்த மாதத்தில் வருகிறது. சுண்ணாம்புக் காரை வேலைக்கு, சுட்ட சுண்ணாம்பைத் தாளித்துக் குறைந்தது பதினைந்து நாள், முடிந்தால் ஒரு மாதம் ஊற வைக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று மணல், அல்லது ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு செங்கல் தூளும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைக்க வேண்டும். பூசிய பிறகு பத்து நாளாவது ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். மழையிலும் கூடாது, சித்திரை வெயிலிலும் கூடாது. சேலத்தில் ஜனவரி முதல் மார்ச் நடு வரைதான் இதற்குப் பருவம். நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் செலவழிக்காத தொகை காலாவதியாகும். பிப்ரவரிக் கடைசியில் பணம் வந்தால் ஊற வைக்க நேரமில்லை, சிமென்ட்டைக் குழைத்துப் பூசிவிட்டுப் பில் போடுவார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. அது உள்ளேயே நின்று உப்பாகப் பூத்து, பக்கத்துச் செங்கல்லின் முகத்தை உரித்துக்கொண்டு வரும். இப்படிச் செலவழிப்பதற்குச் செலவழிக்காமல் இருப்பதே நல்லது. பணம் அக்டோபரில் கையில் இருக்கும்படி கேளுங்கள்.

ஊர் சேர்ந்து செய்வது

மாநகராட்சிப் பூங்காவுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் பொருந்தும்: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். 9 லட்சம் வேலைக்கு 3 லட்சம். குடியிருப்போர் சங்கம் வலுவாக உள்ள பகுதியில் இது நடக்கும். இல்லாத பகுதியில் நடக்காது, பூங்கா அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான் என்பதை மறக்கக் கூடாது.

கோட்டையில் உழவாரப் பணி செய்யப் பலர் ஆர்வமாக வருகிறார்கள். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தில் அனுமதியில்லாமல் ஒரு கல்லை நகர்த்துவதும் குற்றம்; சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டுச் சிறை, ஒரு லட்சம் அபராதம் வரை போகும். துறைக்கு எழுதி, நாளும் ஆட்களின் எண்ணிக்கையும் செய்யும் வேலையும் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குப்பை அகற்றல், தூம்பு துப்புரவு, விரல் தடிமனுக்குக் கீழான செடி என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆடி 18-க்குப் பிறகு, அக்டோபர் மழைக்கு முன். மறுமுறை தை மாதம். கல்லில் மணல் வீச்சு அடிப்பதும், கல்வெட்டில் எண்ணெய் தடவுவதும், வண்ணம் பூசுவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

எந்த இடத்துக்கு எது

அண்ணா பூங்காவும் ஏரிச் சுற்றுப்புறமும் தங்கள் காலில் நிற்க முடியும். வசூலில் குறிப்பிட்ட பங்கு தங்கும் அரசாணையும் வண்டிக் கட்டணமும் இருந்தால் போதும். குரும்பப்பட்டிக்கு அந்த வழி பாதிதான். விலங்குக்குத் தீனியும் மருத்துவமும் வசூல் குறைந்த மாதத்திலும் நிற்காது, ஆகவே அந்தத் தலைப்பு அரசு ஒதுக்கீட்டிலேயே இருக்க வேண்டும்.

ஆர்க்கிட் கூடத்துக்கு வசூலும் வேண்டாம், தத்தும் வேண்டாம். பயிற்சி பெற்ற நான்கு பேரின் பணியிடம் காலியாகாமல் இருப்பதே அதற்கான பட்ஜெட்.

சங்ககிரிக்கும் ஆத்தூருக்கும் மாற்று வழி தேடுவதே தவறான திசை. டிக்கெட்டில் நிற்காது, குத்தகைக்கு விட முடியாது, நிறுவன நிதி ஒருமுறைதான் வரும். இங்கிலாந்தில் 2015-ல் நானூறுக்கும் மேற்பட்ட சின்னங்களை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, சில ஆண்டுகளில் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றபோதுகூட, அரசு 8 கோடி பவுண்டை முன்கூட்டியே கொடுத்துத்தான் அனுப்பியது. கோட்டைகளுக்கு வேண்டியது சிறிய, வெட்ட முடியாத ஆண்டு ஒதுக்கீடு: காவல், தூம்பு, செடி ஆகிய மூன்றுக்கும் தனித் தலைப்பு.

பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயில் இன்னொரு வகை. அங்குள்ளது புத்தர் சிலை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் முடிவு செய்து, இடத்தைத் தொல்லியல் துறை ஏற்க உத்தரவிட்டது. இப்படிப் பொறுப்பு ஒரே நாளில் கூடும்; காவலர் பணியிடம் அதோடு சேர்ந்து வருவதில்லை. புதிதாக ஏற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது ஒரு காவலரின் பணியிடத்தைச் சேர்த்துக் கேட்பதே முறை.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். மாநிலத் துறைக்கு ஒன்று, மத்தியத் துறைக்கு ஒன்று. கேட்க வேண்டியது ஐந்து: கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த இடத்தின் பராமரிப்புத் தலைப்பில் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை. மொத்த ஒதுக்கீட்டைக் கேட்காதீர்கள். சம்பளம் அதில் கலந்து வெட்டை மறைத்துவிடும். 30 நாளில் பதில் வர வேண்டும். துறைகள் அடுத்த ஆண்டு மதிப்பீட்டைத் தயாரிப்பது மழைக்காலத்தில், ஆகவே மனு ஆகஸ்டுக்குள் போனால்தான் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடமும் ஆட்சியரிடமும் பேச நேரம் இருக்கும்.